பாய் விரித்தால் வீடு நகரும்!

2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவிலிருந்து கிளம்பிய கடற்படை அதிகாரிகள் ரூபாவும் தில்னாவும், 2025 மே மாதக் கடைசியில்தான் திரும்பி வந்தார்கள். 56 அடி நீளமுள்ள 'தாரிணி' என்ற பாய்மரப் படகுதான் அந்த எட்டு மாதமும் அவர்களுக்கு வீடு. ரூபா நம்ம புதுச்சேரிப் பெண், தில்னா கோழிக்கோட்டுக்காரர். இரண்டே பேர், பாயை மட்டும் நம்பி உலகத்தைச் சுற்றிவிட்டார்கள்.

அந்தச் செய்தியைப் படித்தபோது உங்களுக்கும் ஓர் ஆசை வந்திருக்கலாம். நாலு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு, ஒரு படகிலேயே தங்கி, கரையோரமாக ஊர் ஊராகப் போனால் எப்படியிருக்கும்?

வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். தூத்துக்குடியில் தலைமுறை தலைமுறையாக ஆண்கள் பாய்மரத்தில்தான் பாதி ஆயுளைக் கழித்தார்கள். அவர்களின் தோணி மீன்பிடிப் படகு அல்ல. இருநூறு, முந்நூறு டன் சரக்கு ஏற்றும் மரக்கப்பல். அதன் தலைவருக்குப் பெயர் தண்டல். கொழும்புக்குச் சுமார் 150 கடல் மைல், மாலத்தீவின் மாலேவுக்குச் சுமார் 400. சமையல், தூக்கம், சண்டை, சமாதானம் எல்லாம் தோணியில்தான். காற்று விழுந்துவிட்டால் நடுக்கடலில் அப்படியே நிற்க வேண்டும். குடிதண்ணீரை அளந்து குடித்துக்கொண்டு காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. எப்போது வீடு திரும்புவார் என்று மனைவிக்கும் தெரியாது, தண்டலுக்கும் தெரியாது.

அதனால் காற்றுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைத்திருந்தார்கள். மேற்கே இருந்து அடித்தால் கச்சான், கிழக்கே இருந்து வந்தால் கொண்டல், வடக்கே இருந்து வந்தால் வாடை. ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, மாலத்தீவுத் தோணி கரையில் கிடக்கும்!

முத்துக்குளிப்பும் இந்தக் காற்றுக் கணக்கில்தான் நடந்தது. கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்கள்தான் பொதுவாக அதற்குரிய காலம். பொழுது விடிவதற்கு முன்பே, கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் பாய் விரித்து முத்துப் பாருக்குப் போவார்கள். காலையெல்லாம் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்குவார்கள். மதியத்துக்குமேல் கடற்காற்று எழும். அதே பாய் அவர்களைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். போக ஒரு காற்று, வர ஒரு காற்று. டீசல் செலவு சல்லிக்காசு இல்லை. 1961-ல் நடந்ததுதான் இந்தக் கரையின் கடைசி முத்துக்குளிப்பு.

சரி, நம் பயணத்துக்கு வருவோம். தூத்துக்குடியிலிருந்து தெற்கே திரும்பினால் தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல், அடுத்து காயல்பட்டினம், அப்புறம் திருச்செந்தூர். பஸ்ஸில் போகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். கடலில் வருகிறவர்களுக்கு அது தூரத்திலேயே வழிகாட்டும். இன்னும் கொஞ்சம் போனால் மணப்பாடு. மணல்மேட்டின் உச்சியில் கடலைப் பார்த்தபடி திருச்சிலுவைக் கோயில். புயலில் சிக்கித் தப்பிய போர்ச்சுக்கீசியக் கப்பலின் ஒடிந்த பாய்மரத்தில் செய்த சிலுவையை இந்த மேட்டில் நட்டார்கள் என்பது ஊரில் வழங்கும் வரலாறு.

வடக்கே போனால் வான் தீவு, காசுவாரி, கரியாச்சல்லி எனத் தீவுகள். ஆனால் இஷ்டத்துக்கு இறங்கிச் சமைத்துச் சாப்பிட முடியாது. 1986-லிருந்து இது கடல்வாழ் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி வேண்டும். எரிச்சல்பட வேண்டாம். விலாங்குச்சல்லித் தீவு ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டது, வான் தீவும் பெருமளவு கரைந்துபோனது. அவற்றைச் சும்மா விடுவதுதான் நல்லது.

அதைவிடப் பெரிய சிக்கல், உங்களைக் கூட்டிப்போக ஆள் எங்கே? தோணிகளுக்கு இன்ஜின் வந்தபின் பாயின் வேலை குறைந்துகொண்டே போய்விட்டது. குற்றம் சொல்ல மாட்டேன். நடுக்கடலில் காற்றில்லாமல் கிடந்தவருக்கு இன்ஜினின் அருமை தெரியும். கரையில் காத்துக்கிடந்த வீட்டாருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் இன்ஜினில் பழகிய பையனுக்கு, தாத்தா மேகத்தைப் பார்த்துச் சொன்ன காற்றுக் கணக்கு தேவைப்படுவதில்லை. ஜோ டி குரூஸ் எழுதி, 2013-ல் சாகித்ய அகாடமி விருது பெற்ற 'கொற்கை' நாவலில் அந்த வாழ்க்கை விரிவாகப் பதிவாகியிருக்கிறது. படித்துத் தெரிந்துகொள்ளலாம். பாயைத் திருப்பக் கற்றுக்கொள்ள ஆள்தான் வேண்டும்.

1985-ல் இருபது வயதில் பாய்க்கயிறு இழுத்தவருக்கு இப்போது அறுபது. இன்னும் பத்து, பதினைந்து வருடங்கள் அவரிடம் கேட்கலாம். கடலோரக் கிராமப் பிள்ளைகளுக்குப் பாய்மரப் பயிற்சி தர ஒரு சின்னப் பள்ளி தொடங்கினால், வாத்தியாரை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. தூத்துக்குடி பழைய துறைமுகப் பக்கம் போனால், மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றும் தோணிகளை இன்றும் பார்க்கலாம். அவருக்கு அங்கே தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.