இருமினாலே சந்தேகம்... ஊரடங்கில் இளைப்பு நோயாளிகள் பட்ட பாடும் கற்ற பாடமும்!

2020 மார்ச் 24, மாலை 6 மணி. தமிழகம் முழுக்க 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் நாட்டுப்படகுகள் கரையேறின. சங்குகுளித் தொழிலும் முடங்கியது. மீன்பிடித் தொழிலுக்கு ஏப்ரல் 10-ம் தேதி மத்திய அரசு விலக்கு அளித்தது. ஆனால், நாள்பட்ட நுரையீரல் நோயோடு வாழ்பவர்களின் சிக்கல் ஓர் அரசாணையில் தீர்வதாக இல்லை.

யாருக்கு வருகிறது?

நம் ஊரில் 'இளைப்பு', 'வீசிங்' என்று சொல்லப்படும் தொல்லைகளில் முக்கியமானது சி.ஓ.பி.டி. மூச்சுக்குழாய்கள் சுருங்கி, காற்று வெளியேற முடியாமல் தேங்கும் நோய் இது. இந்தியாவில் 2016-ல் சுமார் 5.5 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. பீடி, சிகரெட் மட்டுமே காரணமல்ல. இந்நோயின் சுமையில் பாதிக்கு மேல் காற்று மாசுதான் காரணம். அதில் விறகடுப்புப் புகையும் அடக்கம். பீடியே தொடாத பெண்களுக்கும் இந்நோய் வருவது இதனால்தான்.

வீட்டுக்குள்ளும் புகை

'வீட்டிலேயே இருங்கள்' என்ற அறிவுரை, வீடு காற்றோட்டமாக இருந்தால்தான் பயன்தரும். இங்கிலாந்தில் கடுமையான சி.ஓ.பி.டி நோயாளிகளுக்கு அரசே கடிதம் அனுப்பி, 12 வாரங்கள் வெளியே வராதீர்கள் என்றது. தேவைப்பட்டவர்களுக்கு உணவும் மருந்தும் வீட்டுக்கே போயின. நெருக்கமான மீனவர் தெருக்களில் தனியறைக்கு எங்கே போவது? ஒரே அறையில் அடுப்பு, கொசுவர்த்தி, பிள்ளைகள், முதியவர்கள். உஜ்வாலா பயனாளிகளுக்கு அறிவிக்கப்பட்ட 3 இலவச சிலிண்டர்கள், புகை விஷயத்தில் ஓர் ஆறுதல்.

மருத்துவமனைக்குப் போகத் தயக்கம்

பஸ் இல்லை, ஷேர் ஆட்டோ இல்லை. போனாலும் இருமல், சளி, மூச்சிரைப்பு எல்லாமே கொரோனா அறிகுறிகளாகத் தெரிந்த நேரம். 'பிடித்துவைத்துவிடுவார்களோ' என்ற பயம் வேறு. தொற்று பரவும் என்பதால் நுரையீரலின் திறனை அளக்கும் 'ஸ்பைரோமெட்ரி' பரிசோதனை பல இடங்களில் நிறுத்தப்பட்டது. நெபுலைசருக்குப் பதில் 'ஸ்பேசர்' பொருத்திய இன்ஹேலர் பரிந்துரைக்கப்பட்டது.

இந்தத் தயக்கத்தின் அளவைக் காசநோய்க் கணக்கு காட்டுகிறது. 2019-ல் 24.04 லட்சம் நோயாளிகள் பதிவான நாட்டில், 2020-ல் பதிவானது 18.05 லட்சம்தான். நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பதுதான் குறைந்தது. தாமதமாகக் கண்டறியப்படும் காசநோய், குணமான பிறகும் நுரையீரலில் நிரந்தரத் தழும்பை விட்டுச்செல்லும்.

ஓர் ஆச்சரியம்

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சி.ஓ.பி.டி திடீரென முற்றி மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை அந்தக் காலத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. பயந்து வராமல் இருந்தவர்கள் ஒருபக்கம். முகக்கவசம், கைகழுவுதல், கூட்டம் தவிர்த்தல் ஆகியவற்றால் சாதாரண சளி வைரஸ்களும் குறைந்தது மறுபக்கம். ஒரு சாதாரண ஜலதோஷம்கூட இவர்களுக்கு எவ்வளவு ஆபத்து என்பதை இது உணர்த்தியது.

ஆக்சிஜனுக்கு வந்த கிராக்கி

2021 இரண்டாம் அலையில், வீட்டில் ஆக்சிஜன் வைத்திருந்த நோயாளிகளும் சிலிண்டருக்கு அலைய நேர்ந்தது. புகைக்கு எதிராக மக்கள் போராடி, 2018 துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்த பிறகு மூடப்பட்ட ஸ்டெர்லைட் ஆலையில், ஆக்சிஜன் மட்டும் தயாரிக்க ஏப்ரல் 27-ம் தேதி உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. மூச்சுக்காகப் போராடிய ஊரிலிருந்தே மூச்சுக்காற்று போனது!

இனி என்ன செய்யலாம்?

* இளைப்பு இல்லாத நாளிலும், மருத்துவர் சொன்ன இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. ஒரு மாத மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.
* கூட்டமான இடங்களுக்கு முகக்கவசம் அணிந்து செல்லுங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.
* எல்லோருக்கும் சொல்லப்படும் '94' ஆக்சிஜன் அளவு, முற்றிய சி.ஓ.பி.டி-க்குப் பொருந்தாது. பலருக்கு 88 முதல் 92 வரைதான் இலக்கு. அளவுக்கு மீறிய ஆக்சிஜனும் ஆபத்து. உங்கள் அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.
* பேச முடியாத அளவு மூச்சிரைத்தாலோ உதடு நீலமானாலோ, தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.