மண்ணுளிப் பாம்பு

வல்லம் வட்டாரத்து மணற்பாங்கான செம்மண் நிலங்களில் மணிலாக்கொட்டை பிடுங்குங் காலத்து, மண்வெட்டியடியில் தடித்து மழுங்கிய பாம்பொன்று புரண்டு வெளிப்படுவதுண்டு. கண்டவர் உடனே அடித்துவிடுகின்றனர். சிலரோ பானையிலிட்டு மூடி, விலைக்கு ஆள் தேடுகின்றனர். இரண்டினாலும் நஷ்டமடைபவர் நிலத்துக்குடையவரே.

இதனை இருதலைப் பாம்பு என்றும் வழங்குவர். இரண்டு மூன்று அடி நீளமும், வழவழப்பான செம்பழுப்பு மேனியும் உடையது. விஷம் சிறிதுமில்லை. வால் தலையைப்போலவே மழுங்கியிருத்தலால் ஆறு மாதம் ஒரு தலையாலும் ஆறு மாதம் மறு தலையாலும் நடமாடும் என்பர். உண்மையில் தலை ஒன்றே. பகைவர் நெருங்கின், தலையை உடற்சுருளுக்குள் மறைத்து வாலைக் காட்டும். தலையிற் படவேண்டிய அடி வாலிற்பட்டால் பிழைத்துக்கொள்ளலாமன்றோ? வேடிக்கை காட்டும் பாம்பாட்டிகளிற் சிலர் வாலிற் சூடிட்டுக் கண்போலத் தழும்புண்டாக்குவதும் இந்நம்பிக்கையை வளர்த்தது. இது நக்கினால் குஷ்டம் வருமென்பதும் தவறு. அந்நோய்க்குக் காரணம் ஒரு நுண்கிருமி.

இப்பாம்பைச் சாஸ்திர முறையில் முதன்முதல் விவரித்தவர் பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் வைத்தியர். தரங்கம்பாடியிலிருந்த ஜான் பாதிரியாரின் பெயரை 1801-ல் இதற்கு இட்டார். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் இந்த ரஸ்ஸலின் பெயரே.

மணிலாக் கொல்லையில் எலி செய்யும் சேதத்தை வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டுவதில்லை. தின்பது போக, காய்களை வளைக்குள் இழுத்துச் சேர்த்தும் வைக்கின்றது. மண்ணுளிப் பாம்பு இரவில் வெளிவந்து, எலியை உடலாற் சுற்றி நெரித்து விழுங்கும்; வளைக்குள்ளும் நுழைந்து பிடிக்கும். நாம் நஞ்சு வைத்தும் எட்டாத இடத்தில் இது கூலியின்றி வேலை செய்கின்றது. முட்டையிடாது, குட்டிகளையே ஈனும்.

ஓர் எச்சரிக்கை அவசியம். இதன் இனத்தைச் சேர்ந்த மற்றொரு பாம்பு சொரசொரப்பும் கரும்பழுப்புத் திட்டுக்களும் உடையது; இதற்கும் விஷமில்லை. ஆயின் பார்வைக்குக் கண்ணாடி விரியனை ஒக்கும். விரியனுக்குத் தலை அகன்று முக்கோணமாயும், கழுத்து ஒடுங்கியும், முதுகில் வட்டப் புள்ளிகள் சங்கிலிபோல் வரிசையாயும் இருக்கும், உரக்கச் சீறும். ஐயமிருப்பின் எதனையுங் கையால் தொடலாகாது. இன்ன பாம்பென்று தெரியாமற் கடிபட்டவரை மந்திரிக்காமல் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இனி வியாபாரத்தைப் பற்றி. இப்பாம்பு தீரா நோய்களுக்கு மருந்தென்றும், எடை கூடக்கூட இலட்சக்கணக்கில் விலை கூடுமென்றும் தரகர் கூறுவர். நிலக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, இதற்கு என்ன தீனி போட்டால் எடை ஏறும்?" என்று கேட்டார். அதற்குமுன்பே, வாங்குபவரை அழைத்துவரும் செலவென்று சொல்லி அவரிடம் பணம் பெற்றுப்போன தரகர் திரும்பவேயில்லை. புகார் செய்யவும் அவருக்கு வழியில்லை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதனைப் பிடித்தலும், வைத்திருத்தலும், விற்றலும் குற்றம். இரவில் விளக்குடன் கொல்லைகளிற் பாம்பு தேடும் அயலாரைக் கண்டால், கிராம நிர்வாக அலுவலர்கள் வனத்துறையாருக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். அறுவடையில் வெளிப்படும் பாம்பை நீண்ட கோலால் மெல்ல ஒதுக்கி வரப்போரத்தில் விட்டால், சிறிது நேரத்தில் அதுவே மண்ணுக்குள் இறங்கிவிடும்.