அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் வாங்குமுன் ஒரு கணக்கு

வட்டியில்லாத் தவணை என்கிறார்களே, அது உண்மையிலேயே வட்டியில்லாததுதானா? பண்டிகைக் காலம் நெருங்கும்போதெல்லாம் எங்கள் கிளைகளில் வாடிக்கையாளர்கள் தவறாமல் கேட்கும் வினா இது. சமையலறைக்குப் புதிய குளிர்சாதனப் பெட்டியோ அடுப்போ வாங்க நினைக்கும் குடும்பம், எந்த நிறம், எத்தனை கதவு என்பதை ஒரு வாரம் பேசி முடிவு செய்கிறது. பணத்தை எவ்வாறு செலுத்துவது என்பது மட்டும் கடையில் நின்றபடியே பத்து நிமிடத்தில் தீர்மானிக்கப்படுகிறது.

ஒரு குளிர்சாதனப் பெட்டியின் விலை 30,000 ரூபாய் என்று கொள்வோம். ஆறு மாதங்களுக்கு மாதம் 5,000 ரூபாய் செலுத்தினால் போதும், வட்டி ஏதுமில்லை என்கிறார் விற்பனையாளர். முழுத் தொகையையும் இன்றே கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். 2,000 ரூபாய் குறைப்பதாகச் சொன்னால், அப்பெட்டியின் மெய்யான விலை 28,000 ரூபாய்தான். அதாவது, தவணையில் வாங்குபவர் 28,000 ரூபாய்க் கடனுக்கு 30,000 ரூபாய் திருப்பிச் செலுத்துகிறார்.

இது ஏழு விழுக்காடுதானே என்று தோன்றலாம். ஆனால் முழுக் கடனும் ஆறு மாதங்கள் உங்கள் கையில் இருப்பதில்லை. முதல் மாதத்திலிருந்தே அது கரையத் தொடங்குகிறது. குறைந்துகொண்டே வரும் நிலுவையின் மீது கணக்கிட்டால் வட்டி மாதத்துக்கு இரண்டு விழுக்காடு, ஆண்டுக்கு 24 விழுக்காடு ஆகிறது. செயலாக்கக் கட்டணமும் அதன் மீதான வரியும் சேர்ந்தால் இன்னும் கூடும். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதையும், கடன் அட்டைத் தவணைகளில் வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் மறைந்திருக்கிறது என்பதையும் ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை வாயிலாகத் தெளிவுபடுத்தியுள்ளது.

கடன் அட்டையில் வாங்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வங்கி வழக்கம்போல் வட்டி விதிக்கும். அதற்கு ஈடான தொகையை விற்பனையாளர் முன்கூட்டியே விலையில் கழித்துக்கொள்வார். ஆனால் அவ்வட்டியின் மீதான 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி வாடிக்கையாளரின் தலையில்தான் விழுகிறது.

உடனே பணம் தருபவருக்கும் ஒரு ரூபாய்கூடக் குறைப்பதில்லை, வேறு கட்டணமும் கிடையாது என்றால், தவணையைத் தாராளமாக ஏற்கலாம். அந்நிலையில் உங்கள் பணம் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். தள்ளுபடி உண்டு, கையில் பணம் இல்லை, ஆனால் நிலை வைப்பு இருக்கிறது என்பவர்கள் அவ்வைப்பின் மீது ஓவர்டிராஃப்ட் பெறலாம். பொதுவாக வைப்புக்குக் கிடைக்கும் வட்டியைவிட ஓரிரு விழுக்காடு மட்டுமே அதற்குக் கூடுதலாக இருக்கும். கடையிலேயே தவணைக் கடன் எடுப்பதாக இருந்தால், கையொப்பமிடும் முன் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் தனிநபர் தவணைக் கடன்களுக்கு இது கட்டாயம். கட்டணங்கள் உட்பட மொத்தச் செலவைக் காட்டும் ஆண்டு விழுக்காடு அதில் இருக்கும்.

இனி பொருளைப் பார்ப்போம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டில் நட்சத்திரங்களை எண்ணுவதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அதைவிடப் பயனுள்ளது, ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அதே சீட்டில் அச்சிட்டிருக்கும் எண். நட்சத்திரத்துக்கான அளவுகோலை எரிசக்தி திறன் பணியகம் அவ்வப்போது கடுமையாக்கி வருவதால், பழைய சீட்டின் ஐந்து நட்சத்திரமும் புதிய சீட்டின் ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. சீட்டில் உள்ள ஆண்டையும் பாருங்கள். ஒரு பெட்டி ஆண்டுக்கு 230 யூனிட்டும் மற்றொன்று 150 யூனிட்டும் செலவழிப்பதாகக் கொள்வோம். யூனிட் 7 ரூபாய் எனில் ஆண்டுக்கு 560 ரூபாயும், பத்தாண்டுகளில் 5,600 ரூபாயும் மிச்சம். இரண்டுக்கும் விலை வேறுபாடு 4,000 ரூபாய் என்றால் சிக்கனமான பெட்டியை வாங்குவதே அறிவுடைமை. 9,000 ரூபாய் என்றால் அந்த ஐந்தாவது நட்சத்திரம் பணப்பைக்கு நட்டமே. கணக்கிடும்போது உங்கள் ரசீதில் உள்ள மிக உயர்ந்த அடுக்கின் கட்டணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் யூனிட்டுகள் அந்த அடுக்கிலிருந்தே குறைகின்றன.

பழைய பெட்டியைக் கொடுத்து மாற்றிக்கொள்வதாக இருந்தால், முதலில் அதைப் பற்றிப் பேசாமல் புதியதன் விலையை மட்டும் முடிவு செய்யுங்கள். பழையதன் மதிப்பை உயர்த்திக் காட்டிப் புதியதன் தள்ளுபடியைக் குறைப்பது பழகிப்போன உத்தி. பழையதைக் கொடுக்க மனமில்லாமல் கூடத்தில் வைத்து ஓட்டுபவர்களும் உண்டு. இரண்டு பெட்டிகளின் மின்கட்டணத்தைக் கட்டிக்கொண்டு சிக்கனத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. வாங்கப் போகுமுன் சமையலறை வாசலின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள்.

அடுப்பைப் பொறுத்தவரை, எரிவாயுவா இண்டக்ஷனா என்பதே இன்றைய கேள்வி. 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள வெப்பம் ஏறத்தாழ 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். வீட்டு எரிவாயு அடுப்பின் வெப்பத்திறன் குறைந்தது 68 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது ஐ.எஸ்.ஐ. தரவிதி. ஆகவே பாத்திரத்தைச் சென்றடைவது சுமார் 120 யூனிட். இண்டக்ஷன் அடுப்பின் திறன் 85 விழுக்காடு எனக் கொண்டால், அதே சமையலுக்கு அது ஏறத்தாழ 145 யூனிட் எடுத்துக்கொள்ளும். யூனிட் 6 ரூபாய் எனில் 870 ரூபாய். 8 ரூபாய் எனில் 1,160 ரூபாய். நீங்கள் சிலிண்டருக்குக் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். மாநிலத்துக்கு மாநிலம் மின்கட்டணம் வேறுபடுவதால், தில்லியில் உள்ள உறவினருக்கு ஏற்ற முடிவு உங்களுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டியதில்லை. அலுமினியப் பாத்திரங்களும் மண்சட்டியும் இண்டக்ஷனில் சூடாகா. காந்தம் ஒட்டும் தட்டையான அடிப்பாகம் வேண்டும். புதுப் பாத்திரங்களின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எரிவாயு அடுப்பே போதும் என்பவர்கள், புது அடுப்போடு ரப்பர் குழாயின் தேதியையும் பார்க்க வேண்டும். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றியாக வேண்டும்.

அண்மையில் வீட்டுக் கடன் கேட்டு எங்களிடம் வந்த வாடிக்கையாளர் ஒருவரின் கடன் மதிப்பெண் மிகவும் தாழ்ந்திருந்தது. நல்ல ஊதியம், வேறு கடன் இல்லை, அவருக்கே வியப்பு. கடன் அறிக்கையைப் பிரித்துப் பார்த்தபோது, மூன்றாண்டுகளுக்கு முன் குளிர்சாதனப் பெட்டி வாங்கிய கடனில் கடைசித் தவணை 1,840 ரூபாய் நிலுவையில் இருந்தது. ஊதியக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றியவர் பழைய கணக்கில் இருப்பு வைக்க மறந்துவிட்டார். நிலுவையை அன்றே கட்டிவிட்டார். என்றாலும் அறிக்கை திருந்தும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்த நிலையில் பத்திரப் பதிவு இரண்டு மாதங்கள் தள்ளிப்போனது. கடைசித் தவணை கழிந்த மறுவாரமே நிலுவையில்லாச் சான்றைக் கேட்டு வாங்கி, பெட்டியின் உத்தரவாத அட்டையோடு சேர்த்து வையுங்கள்.