மொத்தம் எவ்வளவு வேணும்?

நம் சங்க நூலகத்துக்காக ரசீதுப் புத்தகத்தோடு தம்பானூர்க் கடைகளில் ஏறி இறங்கினேன். எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "மொத்தம் எவ்வளவு வேணும், அண்ணாச்சி?" என்னிடம் விடையில்லை, கிடைத்ததும் சில்லறைதான்.

அந்தக் கேள்விக்கு முன்பே விடை வைத்திருந்தவர்கள், அமெரிக்காவில் ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 2015-இல் நிதி திரட்டத் தொடங்கிய அன்பர்கள். 60 லட்சம் டாலர் என்றார்கள். வாய்க்கு வந்த தொகையல்ல அது. முதலைத் தொடாமல், அதன் வருவாயிலேயே பேராசிரியர் பதவி என்றைக்கும் நடக்க வேண்டும், அதற்கான கணக்கு. மருத்துவர்கள் ஜானகிராமனும் சம்பந்தமும் ஆளுக்கு 5 லட்சம் டாலர் போட்ட பிறகே பிறரிடம் கேட்டார்கள். (நான் அதையும் செய்யவில்லை!) மீதி 50 லட்சம் என்பது எல்லாருக்கும் விளங்கியது. தமிழக அரசும் 10 கோடி ரூபாய் தந்தது. 2018 மார்ச்சில் இலக்கு நிறைந்தது.

இப்போது அலமாரி, புத்தகம், வாடகை எனத் தனித்தனியே எழுதிக் கூட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் ரசீது என் பேரில்.