நிற்கும் நேரத்தில் கார் முன்னே உந்துவது ஏன்?

1985-ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகாவும் 1994-ஆம் ஆண்டில் பெரொடுவா கஞ்சிலும் வெளிவந்த பின்னர், சொந்தக் கார் என்பது தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் எட்டக்கூடிய பொருளாயிற்று. பழைய காராயினும் பிள்ளைகளைப் பள்ளிக்கும் முதியோரை மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்ல அது பேருதவி புரிகின்றது.

ஆனால், ஆட்டோ கியர் கொண்ட பழைய கார்கள் சிலவற்றில் ஒரு குறை தோன்றுவதுண்டு. பிரேக்கை மிதித்து வண்டி நிற்கும் தறுவாயில், பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோல் அது முன்னே உந்தும். குழந்தைகள் விளையாடும் லயத்து வாசலில் ஓரடித் தூரமும் ஆபத்தான தூரமே. ஆகவே, இதனை நாம் சிறு குறையென்று தள்ளிவிடலாகாது.

ஆட்டோ கியர் வண்டி நிற்கும்போதும் இயந்திரத்தின் விசை எண்ணெய் வழியாகச் சக்கரங்களைச் சிறிதளவு தள்ளிக்கொண்டே இருக்கும். பிரேக் அதனை எதிர்த்துப் பிடித்து நிறுத்துகின்றது. எனவே, தள்ளும் விசை மிகுந்ததா, பிடிக்கும் பிரேக் சீர்கெட்டதா என்பதே முதற் கேள்வி.

இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஆளில்லாத சமதரையில் வண்டியை மிக மெதுவாகச் செலுத்துவோம். இயந்திரத்தை அணைக்காமல், நிற்பதற்குச் சற்று முன் கியரை நியூட்ரலுக்கு மாற்றி பிரேக்கை மிதிப்போம். உந்தல் மறைந்தால் குறை பெரும்பாலும் இயந்திரத்திலோ கியர்ப் பெட்டியிலோ உள்ளது. மறையாவிடில் பிரேக்கை ஆராய வேண்டும். சரிவான சாலையில் இச்சோதனை கூடவே கூடாது.

இயந்திரம் சூடேறிய பின்னும் எண்ணெய் மிதியைத் தொடாமலே இரைந்து சுழன்றால், தள்ளும் விசை மிகும். காற்றுக் குழாயில் வெடிப்போ, காற்று நுழையும் வாயிலில் அழுக்கோ இதற்குக் காரணமாகலாம். பெரும்பாலான கார்களில் இச்சுழற்சி நிமிடத்துக்கு 600 முதல் 900 சுற்றுக்குள் அடங்கும்.

அடுத்து, கியர் எண்ணெய். அது குறைந்தாலோ கெட்டாலோ கியர் தாமதமாக இறங்கி, நிற்கும் நேரத்தில் இடிக்கும். புதிய எண்ணெய் பெரும்பாலும் செந்நிறமாயிருக்கும். கறுத்துத் தீய்ந்த வாடை வீசினால் கெட்டதென்று அறியலாம். இவ்வெண்ணெய் எரிந்து தீர்வதன்று. குறைந்திருப்பின் எங்கோ கசிகின்றது என்பதே பொருள்.

மூன்றாவது, இயந்திரத்தைத் தாங்கும் இரப்பர்க் கட்டைகள். அதிர்வைத் தாங்குவதில் சிறந்ததென்பதால், நம் மரங்கள் தரும் இயற்கை இரப்பர் இவற்றிற்குப் பெரிதும் பயன்படுகின்றது. ஆனால், எண்ணெய் பட்டால் இயற்கை இரப்பர் ஊறி, உப்பி, வலுவிழக்கும். கட்டை கிழிந்தால் இயந்திரம் முன்னும் பின்னும் அசைந்து வண்டியைக் குலுக்கும். ஆதலால், எண்ணெய்க் கசிவை அடைக்காமல் கட்டையை மட்டும் மாற்றினால் புதியதும் விரைவில் கெடும்.

பிரேக்கிலும் இருவகைக் குறை உண்டு. இரவு மழைக்குப் பின் காலையில் முதல் சில தடவை மட்டும் வெடுக்கெனப் பிடித்தால், அது மெல்லிய துருவினால் இருக்கலாம். சற்று ஓட்டினால் தேய்ந்துவிடும். நாள் முழுதும் அவ்வாறு பிடித்தாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, மிதி அதிர்ந்தாலோ உடனே பட்டறையில் காட்ட வேண்டும்.

பட்டறைக்காரரிடம் “வண்டி இடிக்கிறது” என்று மட்டும் சொல்லுதல் போதாது. சூடேறிய பின்னா, குளிர்சாதனம் ஓடும்போதா, நியூட்ரலில் மறைகின்றதா என்பவற்றையும் கூறுவோம். கியர்ப் பெட்டியையே மாற்றச் சொன்னால், முதலில் எண்ணெயையும் சுழற்சியையும் கட்டைகளையும் பார்க்கக் கேட்போம். சில வெள்ளியில் தீரும் குறைக்குப் பல மாதச் சம்பளத்தை இழக்க வேண்டியதில்லை.

பழுது நீங்கும்வரை முன்கூட்டியே பிரேக்கை மிதித்து, முன்வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டு நிற்போம். லயத்தருகே குழந்தைகளைக் கண்டால் தொலைவிலேயே வண்டியை நிறுத்துவோம்.