வெள்ளமும் எறும்பும் ஏழுதலை நகரமும்

திருச்சுழிக் கோயிலின் தலபுராணம் வெள்ளத்தில் தொடங்குகிறது. உலகத்தை மூட வந்த பிரளயத்தைச் சிவபெருமான் சூலத்தால் தரையைத் துளைத்துப் பூமிக்குள் இறக்கினார் என்பது கதை. அந்த ஊரில் ஓடும் குண்டாறோ வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலும் சீமைக்கருவேலமுமாகத்தான் கிடக்கும். மழைக்கு வானத்தையே பார்த்துக் கிடக்கிற சனங்கள், தங்கள் ஊருக்கு ஆதிகதை என்று ஒன்று வைத்துக்கொண்டபோது ஊழிப் பெருவெள்ளத்தைப் பிடித்திருக்கிறார்கள். மாயக்கதை எழுத வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாலபாடம் கிடையாது. கையில் இல்லாததைத்தான் கற்பனை முதலில் தேடிப் போகும்.

இந்தப் பக்கத்துப் பிள்ளை ஒருவன் கதையில் வருகிற மாதிரியே வீட்டை விட்டுக் கிளம்பிய சம்பவமும் உண்டு. 1879-ல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், மதுரையில் படித்துக்கொண்டிருந்தபோது, அருணாசலத்திலிருந்து வருவதாக ஓர் உறவினர் சொன்னதைக் கேட்டுத் திகைத்தான். அது நிஜமாகவே போய்ச் சேரக்கூடிய இடம் என்பதே அதுவரை அவனுக்குத் தெரியாது. அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கு என்று கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, 1896 ஆகஸ்டில் ரயிலேறினான். வயது பதினாறு. பின்னாளில் அவன் ஆன ரமண மகரிஷியை ஆன்மிகப் பக்கம் விட்டுவிடுவோம். பெயர் மட்டுமே தெரிந்த மலையைத் தேடி ஒரு விடலைப் பையன் புறப்பட்டுப் போகிறான். உலகத்து இளையோர் நாவல்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வரிதானே!

அருப்புக்கோட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில், காரியாபட்டி வட்டாரத்தில் மல்லாங்கிணறு. எஸ்.ராமகிருஷ்ணன் 1966-ல் பிறந்தது அங்கே. கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனுக்கும் அதுவே ஊர். கரிசல் பூமியின் நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றிய ‘சஞ்சாரம்’ நாவலுக்காக 2018-ல் எஸ்.ரா.வுக்கு சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. பத்திரிகைகளில் அதிகம் பேசப்பட்டதும் அந்த எஸ்.ரா.தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காக ‘ஏழுதலை நகரம்’ என்ற மாய நாவலை எழுதியவரும், ‘கால் முளைத்த கதைகள்’ தொகுத்தவரும், ஆலிஸை அற்புத உலகத்தோடு தமிழுக்குக் கூட்டி வந்தவரும் அவர்தான் என்பது நிறையப் பேருக்கு இரண்டாம் பட்சம். எனக்கு அந்த வரிசை சரியாகப் படவில்லை. அவருடைய பெரியவர்களுக்கான நாவல்களுக்கும் வேர் அங்கேதான் ஓடுகிறது.

‘நெடுங்குருதி’யை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-ல் வந்த கனமான நாவல். சிறுவர் புத்தகமே அல்ல. குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட சனங்களின் கதை. ஆனால் அது எப்படித் தொடங்குகிறது? வேம்பலை என்ற ஊரை விட்டு எறும்புகள் சாரி சாரியாக வெளியேறிப் போகின்றன; நாகு என்கிற சிறுவன் அதைப் பார்க்கிறான். பஞ்சம் என்றோ, ஊர் காலியாகப் போகிறது என்றோ அங்கே யாரும் எழுந்து அறிவிக்க வேண்டியதில்லை. எறும்புக்குத் தெரிந்துவிட்டது, பையனுக்கும் தெரிந்துவிட்டது, நமக்கும் தெரிந்துவிட்டது. கோடை, காற்றடி காலம், மழை, பனி என்று பருவங்களாகவே நாவல் பிரிந்திருக்கிறது. அதிலும் வெயில், ஊர்ப் பெரிய மனுஷன் மாதிரி எல்லார் வீட்டுத் திண்ணையிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு அவர் வைத்த தலைப்பே ‘வெயிலைக் கொண்டு வாருங்கள்’. அருப்புக்கோட்டைப் பக்கம் மே மாதத்தில் ஒரு நாள் நின்றவர்கள் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். கேட்பதற்கு ஒரு கிறுக்கு வேண்டும். அந்தக் கிறுக்குத்தான் மாயக்கதையின் மூலதனம்.

அவருடைய எழுத்து முறை என்ன என்று கேட்டால், மேஜைக்கு வெளியே நடப்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அவர் ஊர் ஊராகச் சுற்றியவர். ஆனந்த விகடனில் எழுதிய பயணத் தொடருக்கு ‘தேசாந்திரி’ என்று பெயர் வைத்தார். பிற்பாடு சொந்தப் பதிப்பகத்துக்கும் அதே பெயர். கோவில்பட்டியில் நகைக்கடை வைத்திருந்த கவிஞர் தேவதச்சனைத் தன் ஆசான் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். கடைவாசல் பேச்சு, ரோட்டு நடை, வழியில் பார்த்தவர் சொன்ன கதை, ராத்திரி வாசித்த போர்ஹே. இத்தனையும் கலந்துதான் பக்கத்துக்கு வருகிறது. ‘உபபாண்டவம்’ எழுதியபோதும் மகாபாரதத்தில் நாயகர்களை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்கிறவர்களின் பக்கம் போனார். ஊர்க் கதைசொல்லியும் அதைத்தானே செய்வார்? அர்ச்சுனனைக் கேட்டால் அலுத்துக்கொண்டு, அரவானைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்.

மேல்நாட்டு மாயநாவல்காரர்கள் சிலருடைய வழி வேறு. அர்சுலா லெ குவின் ‘எர்த்ஸீ’ தீவுக்கூட்டத்தின் வரைபடத்தை முதலில் போட்டுக்கொண்டு அப்புறம்தான் கதைக்குள் போனார். அந்த வரிசையின் முதல் நாவல் 1968-ல் வந்தது. டோல்கினுக்கு மொழிகளே முதலில் பிறந்தன. கரிசல்காரனுக்கு அந்த வேலை மிச்சம். வரைபடத்தை ஏற்கெனவே யாரோ போட்டு வைத்திருக்கிறார்கள்: இந்தப் பனையில் முனி, அந்தக் கண்மாய்க் கரையில் அய்யனார், மண்குதிரை ராத்திரியில் இறங்கி எல்லையைச் சுற்றி வரும், உச்சிப்பொழுதில் ஊருணிப் பக்கம் தனியாகப் போகாதே. எழுதுகிறவன் செய்ய வேண்டியது கேட்பது. கேட்டதை நம்பாமலும் நம்பியும் எழுதுவது.

இந்தக் கதைகள் எங்கே சொல்லப்படுகின்றன என்று பார்க்க ஆசைப்பட்டால் கரிமூட்டம் போடுகிற இடத்துக்குப் போங்கள். சீமைக்கருவேல மரத்தை வெட்டி, கட்டைகளை நெருக்கமாக நிறுத்தி, மேலே தழையும் வைக்கோலும் போட்டு, ஈரமண் பூசி மூடுவார்கள். காற்றுக்குச் சின்னச் சின்னத் துவாரம். தீ வைத்தபின் உள்ளே நாள்கணக்கில் வேகும். முதலில் வெள்ளையாகக் குபுகுபுவென்று வருகிற புகை, கரி பதமாகும்போது மெலிந்து நீலம் பாரிக்கும். எங்காவது மண் விண்டு காற்று உள்ளே புகுந்துவிட்டால் அவ்வளவு மரமும் சாம்பல். அதனால் ராத்திரியில் ஆள் காவல் இருக்க வேண்டும். தூக்கம் வராமல் இருக்கப் பேசித்தான் ஆக வேண்டும். பேச்சு எப்படியும் பேய்க்குப் போய்ச் சேரும். பட்டறை என்று சொல்லி நகரத்து ஹோட்டல்களில் நாற்காலி போட்டு நடத்துகிறார்களே, நான் அறிந்த நல்ல கதைப் பட்டறை இதுதான்.

ஆலிஸ் கதையும் வாயில் பிறந்ததுதான். 1862 ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் படகில் போகும்போது மூன்று சிறுமிகளுக்கு லூயிஸ் கரோல் சொல்லிக்கொண்டே போனார்; எழுதித் தரச்சொல்லி ஒருத்தி நச்சரித்ததால் 1865-ல் புத்தகமானது. ‘கால் முளைத்த கதைகள்’ உலகத்துப் பழங்குடிகள் இப்படி வாய்வழி சொல்லி வந்தவற்றின் தொகுப்பு. பிராணிகளும் வானமும் ஏன் இப்படி இருக்கின்றன என்று பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கெல்லாம் அதில் ஒரு கதை பதில் சொல்லும். நீதி சொல்லாது. தமிழில் சிறுவர்க்கு எழுதுகிறவர்களில் பலர் சறுக்குகிற இடம் அந்தக் கடைசிப் பாராதான். டிராகனை நன்றாகப் பறக்கவிட்டுவிட்டு, முடிவில் அதை உட்காரவைத்துப் பல் விளக்குவதன் அவசியத்தைப் பேசவைப்பார்கள். பதின்மூன்று வயதுக்காரன் புத்தகத்தை மூடுகிற சத்தம் அங்கேதான் கேட்கும்.

கரிசலின் இன்னொரு பெயர் உதயசங்கர். கோவில்பட்டிக்காரர், ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ஹாரி பாட்டர் 1990-ல் தாமதமாகி நின்ற ரயிலில் ஜே.கே.ரோலிங்குக்குத் தோன்றினான் என்பார்கள். இவர் அந்த ரயிலுக்குக் கொடி காட்டுகிற பக்கத்தில் நின்றவர். அவருடைய ‘ஆதனின் பொம்மை’ 2023-ல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. இன்றைய பையன் ஒருவன் கீழடிக்குப் போய், 2,600 வருஷத்துக்கு முந்தைய ஆதனைச் சந்திக்கிறான். கீழடியில் 2015 முதல் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆதன் என்ற பெயர் அங்கே பானை ஓட்டில் கீறியபடியே கிடைத்தது. தொல்லியல் துறை அதற்கு எண் போட்டு அலமாரியில் வைத்தது. நாவலாசிரியர் அந்தப் பெயருக்குக் கையும் காலும் வைத்து நடக்கவிட்டார். மந்திரக்கோல் தேவைப்படவில்லை. இளையோருக்கான மாய நாவலைத் தமிழில் எங்கிருந்து தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் இந்தப் புத்தகத்தைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

ஆனால் கேட்கிறவர்கள் குறைவு. தமிழ்ப் புத்தகக் கடையில் சிறுவர் அடுக்கு உண்டு, நாவல் அடுக்கு உண்டு. இரண்டுக்கும் நடுவில் இளையோருக்கென்று ஓர் அடுக்கைப் பார்ப்பது அபூர்வம். பதின்மூன்றிலிருந்து பதினேழு வரை உள்ளவர்கள் எங்கே போய் நிற்பார்கள்? இளையோர் நாவலுக்கும் பொம்மைப் படம் போட்டு, கொட்டை எழுத்தில் அச்சடித்து, ஆறு வயதுப் பிள்ளைக்கான புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறோம். ஒன்பதாம் வகுப்புப் பையன் அதைக் கையில் எடுத்தால் கூட்டாளிகள் சிரிப்பார்கள். அவன் ஆங்கிலத்துக்கோ செல்போனுக்கோ போய்விடுகிறான். அப்புறம் பிள்ளைகள் தமிழ் வாசிப்பதில்லை என்று மேடையில் வருத்தப்படுகிறோம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டிப் பக்கம் பள்ளியில் வேலை பார்க்கிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘ஏழுதலை நகரம்’, ‘ஆதனின் பொம்மை’ இரண்டையும் நூலகப் பீரோவில் பூட்டி வைக்காமல் எட்டாம் வகுப்பில் கையோடு கையாகச் சுற்றவிடுங்கள். கிழிந்தால் கிழியட்டும். வாசித்து முடித்த பிள்ளையிடம் கதைச் சுருக்கம் கேட்க வேண்டாம். அவரவர் ஊர் முனி கதையை வீட்டில் பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்.