மலையும் இயந்திரமும் – 9: தராசு சரி, கழிவு யார் கணக்கு?

1867இல் இலங்கை மலைநாட்டின் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், கொழுந்தைத் தன் பங்களா வராந்தாவில் வைத்துக் கையாலேயே உருட்டவைத்தார். கோப்பியை இலைநோய் தின்று தீர்த்தபின் மலை முழுக்கத் தேயிலை ஏறியது. குவிந்த கொழுந்துக்குக் கை போதவில்லை. உருட்டும் இயந்திரம் வந்தது. பெல்ஃபாஸ்ட்டில் சாமுவேல் டேவிட்சன் செய்த சிராக்கோ உலர்த்தியும் வந்தது. பறித்த கொழுந்து யாருக்காகவும் காத்திருக்காது. தாமதம் எங்கே காசைத் தின்றதோ, அங்கே ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், இயந்திரம் நுழைந்தது.

ஆனால் கண்ட இயந்திரத்தையெல்லாம் மலைநாடு வாங்கவில்லை. 1930களில் அசாமில் உருவான சி.டி.சி. முறை, இலையை நறுக்கிக் குருணையாக்கி, வேகமாகச் சாயம் இறங்கும் தேயிலையைத் தருகிறது. கென்யா பெரும்பாலும் அதற்கே போனது. நுவரெலியா, அட்டன் பக்கத்து ஸ்டோர்கள் பெரும்பாலும் பழைய உருட்டும் முறையிலேயே நின்றன. உயர்மலைத் தேயிலை விலைபோவது மணத்துக்காக. அந்த மணத்தைக் காத்த பழைய முறையை விடாதது நல்ல வியாபார புத்தி என்றே நான் சொல்வேன்.

கொழுந்து பறிக்கும் மலையில் கதை வேறு. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் பறிப்புக் கத்தரிக்கோலைப் பரிந்துரைத்தது. மோட்டார் வைத்த கருவிகளும் வந்தன. செங்குத்துச் சரிவில் அவற்றைத் தூக்கிக்கொண்டு நிற்பதே பாடு. கத்தரி முற்றிய இலையையும் சேர்த்து வெட்டும், ஸ்டோரில் தரம் இறங்கும். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அதில் பெரும்பகுதியை இன்னும் பெண்களின் விரல்கள்தான் பறிக்கின்றன.

ஆகவே மலைக்குள் எளிதாக நுழைந்த கருவி, பறிப்பதற்கானது அல்ல, நிறுப்பதற்கானது. பல தோட்டங்களில் இன்று டிஜிட்டல் தராசு. நிறை திரையில் தெரிகிறது. சில இடங்களில் அது அப்படியே கம்பனிக் கணினிக்குப் போகிறது. எந்த மலையில், எந்த நாளில் எவ்வளவு கொழுந்து என்று ஆபீஸ் உடனே அறிகிறது. 1992இல் தோட்ட நிர்வாகத்தை ஏற்ற கம்பனிகளுக்கு இது தேவையான கணக்கு. கணக்கப்பிள்ளை வாயால் சொன்ன நிறையை நம்பியே தீர வேண்டியிருந்த தொழிலாளிக்கும் இதில் நன்மை உண்டு. அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் பேர், அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கான பதிவு, விழுவது அந்த எண்ணில் அல்ல. சாக்குக்குக் கழிவு, மழைநாளில் தண்ணீருக்குக் கழிவு, எல்லாம் போக மிஞ்சுவதில்தான். அதைத் தீர்மானிப்பவர் மனிதர். எத்தனை கிலோவுக்கு முழுப்பேர் என்பதையும் மனிதரே வைக்கிறார். 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனபோது, பல தோட்டங்களில் கிலோக் கணக்கு ஏற்றப்பட்டதாகவும், எட்டாதவர்களுக்கு அரைப்பேர் விழுந்ததாகவும் தொழிலாளர்கள் முறையிட்டார்கள். அந்த முறையீட்டுக்குத் துல்லியமான தராசிடம் பதில் இல்லை.

கிராமைக் காட்டத் தெரிந்த கருவிக்குக் கழிவையும் காட்டத் தெரியும். மொத்த நிறை, கழித்தது எவ்வளவு, எதற்காக, மிச்சம் எவ்வளவு என்று நான்கு வரி அச்சிட்ட துண்டைப் பறித்தவள் கையில் கொடுக்கலாம், தமிழில். அதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். கம்பனி கேட்டதால் தராசு ஆபீசோடு பேசுகிறது. கூடையைச் சுமந்தவளோடும் அது பேச வேண்டும் என்று அடுத்த சம்பளப் பேச்சில் தொழிற்சங்கங்கள் கேட்கட்டும்.

(தொடரும்)